சானலுக்கு அக்கரைச் சபை

மேட்டு வீட்டுப் பாட்டிக்கு மூட்டுவலி வராமல் இருந்திருந்தால் எங்கள் சபை தொடங்க இன்னும் பத்து வருடம் ஆகியிருக்கும் என்று அப்பா சொல்வார். கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்குளம் தாலுகாவில், மலைப்பக்கம் எங்கள் ஊர். தாய்ச்சபை மெயின் ரோட்டில் இருந்தது. எங்கள் வீடுகளெல்லாம் சானல் என்று நாங்கள் சொல்லும் கால்வாய்க்கு அக்கரையில், ரப்பர் தோட்டத்தைத் தாண்டி. ஆராதனைக்குப் போக வேண்டுமென்றால் தோட்டத்து இறக்கத்தில் இறங்கி, சானல் கரையோடு நடந்து, பாலம் கடந்து, மறுபடி ஒரு ஏற்றம் ஏற வேண்டும். வயதானவர்களுக்கு முக்கால் மணி நேர நடை. ஆனி மாத மழையில் அந்த இறக்கம் எண்ணெய் தடவினது மாதிரி வழுக்கும். பாட்டி அங்கேதான் விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் கோயிலுக்கு வரவே இல்லை.

அது 1987. எனக்கு ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் பிள்ளைகள் திரும்பி வரும்போது பாட்டி வெள்ளைச் சேலை உடுத்து, பைபிளை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் இருப்பார். வீட்டை விட்டு எங்கும் போகாதவர் எதற்கு அந்த வெள்ளைச் சேலையை உடுத்துகிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. எங்களைக் கண்டதும் கூப்பிடுவார். "மக்கா, இன்னைக்கு என்ன வசனம்? அய்யர் என்ன சொன்னாரு?" சபைப் போதகரை எங்கள் ஊரில் அய்யர் என்போம். எங்களுக்கு வசனம் தெரிந்திருக்கும், பிரசங்கம் தெரியாது. தெரிந்ததைச் சொல்வோம். பாட்டி கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு ஆளுக்கொரு மட்டிப்பழம்.

ஒருநாள் அப்பா இதைப் பார்த்துவிட்டார். அந்த வாரமே புதன்கிழமை சாயங்காலம் அவரும் இரண்டு ரப்பர் பால்வெட்டுக்காரர்களும் பாட்டி வீட்டு முற்றத்தில் ஜெபத்துக்கு உட்கார்ந்தார்கள். பால்வெட்டுக்காரர்கள் விடியற்காலம் மூன்று மணிக்கே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவர்கள். அதனால் ஏழு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடித்துவிட வேண்டும் என்று முதல் நாளே பேசிக்கொண்டார்கள். அந்த நேரம் இன்றைக்கும் மாறவில்லை. மூன்று பேர் ஆறு பேர் ஆனார்கள், அப்புறம் பதினோரு வீடு. யாரும் புதுச்சபை தொடங்குகிறோம் என்று நினைக்கவில்லை. வர முடியாத ஒருவர் இருந்தார், அவரிடம் போனார்கள், அவ்வளவுதான்.

பிடியரிசியைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் சபையைப் பற்றிச் சொல்ல முடியாது. அம்மா அரிசி களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்து, அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் மண்கலயத்தில் போடுவார். வீட்டில் அரிசி தாராளமாக இருந்த நாளிலும் ஒரு பிடிதான், மறுநாளைக்கு அரிசி இல்லாத நாளிலும் ஒரு பிடிதான். சனிக்கிழமை ஒரு அக்கா சாக்குப்பையோடு வீடு வீடாக வந்து கலயத்தைக் கவிழ்த்துக்கொண்டு போவார். ஒரு வீட்டில் புழுங்கல், ஒரு வீட்டில் ரேஷன் அரிசி, எல்லாம் கலந்து கிடக்கும். அதை விற்ற காசு நாற்பது பக்க நோட்டில் வரவு வைக்கப்படும். முதல் வருடப் பிடியரிசியில் வாங்கியது ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கும் நான்கு பாயும். அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. பாய் வாங்கிய கணக்கை எழுதியிருப்பது அப்பா. கையெழுத்து கோணல், கூட்டல் சரி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஹென்றி வென், அமெரிக்காவில் ரூஃபஸ் ஆண்டர்சன் என்று இரண்டு மிஷன் செயலாளர்கள் இருந்தார்கள். இருவரும் தனித்தனியாக யோசித்து ஒரே முடிவுக்கு வந்தார்கள்: ஒரு சபை தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், தன்னைத் தானே நிர்வகிக்க வேண்டும், தானே அடுத்த சபையைப் பெற்றெடுக்க வேண்டும், இந்த மூன்றும் வந்துவிட்டால் மிஷனரி அடுத்த ஊருக்குப் போய்விடலாம். வேதாகமக் கல்லூரிகளில் இன்றும் இதைப் படிக்கிறார்கள். எனக்கு இந்த மூன்றில் முதலாவது மண்கலயமாகத்தான் கண்ணில் தெரியும். வெளியிலிருந்து பணம் வந்து கட்டிய கோயில்களையும் நான் பார்த்திருக்கிறேன். மார்பிள் தரை, பெரிய ஸ்பீக்கர் எல்லாம் இருக்கும். பணம் நின்றதும் மின்கட்டணம் கட்ட ஆள் இருக்காது. பிடியரிசியில் வளர்ந்த சபையில் அந்தக் கேள்வியே வருவதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு அடுப்பும் அந்தச் சபைக்குப் பொறுப்பு.

நம் மாவட்டத்துச் சீர்திருத்தச் (புராட்டஸ்டன்ட்) சபையின் கதையே அப்படித் தொடங்கியதுதான். மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர். அந்தப் பயணத்தில் தஞ்சாவூரில் கிறிஸ்தவ ஆராதனையைக் கண்டு, திருமுழுக்குப் பெற்று, வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார். தன் வீட்டில், தன் சொந்தக்காரர்களோடு ஜெபத்தைத் தொடங்கினார். லண்டன் மிஷனின் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது 1806-ல்தான். அதாவது மிஷனரி வருவதற்கு முன்பே முற்றம் இருந்தது, பாய் இருந்தது, கேட்க ஆள் இருந்தது. 1809-ல் அங்கே ஆலயம் எழும்பியது. தாமரைக்குளம், புத்தளம், ஈத்தாமொழி என்று சுற்றுவட்டாரத்தில் சில வருடங்களுக்குள் சபைகள் முளைத்தன. 1816-ல் ரிங்கல்தௌபே உடல்நலம் கெட்டு ஊரைவிட்டுப் போனார். போகும்போது சபைகளை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார். சார்லஸ் மீட் 1818-ல் வரும்வரை இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பிய மிஷனரி ஒருவரும் இங்கே தங்கி வேலை செய்யவில்லை. சபைகள் கலைந்துவிடவில்லை. மீட் வந்து நாகர்கோவிலைத் தலைமையிடமாக்கியதையும், 1819-ல் அங்கே கஸ்பா சபையின் பெரிய கோயிலுக்கு அடிக்கல் போடப்பட்டதையும் எல்லாரும் பேசுகிறோம். எனக்கு அதைவிட அந்த இடைப்பட்ட காலம்தான் பெரிதாகத் தெரிகிறது. அப்போது யார் பிரசங்கம் செய்தார்கள், யார் சாவு வீட்டுக்குப் போனார்கள், சண்டையை யார் தீர்த்தார்கள்? உள்ளூர்க்காரர்கள்தான்.

கடற்கரையில் இது இன்னும் பழைய கதை. பிரான்சிஸ் சவேரியார் 1544-ல் இந்தக் கரையோர ஊர்களில் நடந்து, ஒரு மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்குக் கொடுத்ததாகக் கடிதம் எழுதினார். அந்த எண்ணைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அவர் ஊருக்கு ஊர் ஜெப மந்திரங்களை எழுதிக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆளை ஏற்படுத்திவிட்டுப் போனார். கணக்கப்பிள்ளை என்று அவர்களுக்குப் பெயர். அந்த ஆட்கள் இல்லையென்றால் பத்தாயிரம் என்பது ஒரு கடிதத்தில் எழுதிய எண்ணாகவே நின்றிருக்கும். இன்று கோட்டாறு கத்தோலிக்க மறைமாவட்டத்தில் ஒவ்வொரு பங்கையும் சில பத்து வீடுகள் கொண்ட அன்பியங்களாகப் பிரித்து வீட்டுக்கு வீடு கூடுகிறார்கள். என் கத்தோலிக்க நண்பன் ஒருவன், "பங்குத்தந்தைக்கு என் பெயர் தெரியாது, அன்பியத்துக்காரங்களுக்கு என் வீட்டுச் சண்டைகூடத் தெரியும்" என்றான். சரியாகச் சொன்னான்.

இன்னொரு காரணத்தையும் சொல்லியாக வேண்டும். திருவிதாங்கூரில் அன்று 'ஊழியம்' என்றால் கூலியில்லாத கட்டாய வேலை. அரசாங்கத்துக்கும் மேல்சாதிக்காரருக்கும் சுமை தூக்க வேண்டும், கேட்கும்போதெல்லாம் போக வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்தும் இந்துக் கோயில் ஊழியத்திலிருந்தும் விலக்கு கிடைத்தபோது, ஏழு நாளில் ஒரு நாள் முதுகை நிமிர்த்த முடிந்தது. ஓலைக் கொட்டகை வார நாளில் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை கோயில். தோள்சீலைக்காக அடி வாங்கிய பெண்கள், 1859-ல் மார்பை மறைக்க அனுமதித்து அரசப் பிரகடனம் வரும்வரை, அந்தக் கொட்டகைகளுக்குத்தான் மறைத்த மார்போடு வந்தார்கள். இதை "சலுகைக்காக மாறினார்கள்" என்று சிலர் சுருக்கிச் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். மானத்தைச் சலுகை என்று சொல்ல மனம் வருவதில்லை. அதே மண்ணில், அதே காலத்தில் அய்யா வைகுண்டர் சாமித்தோப்பில் எழுந்ததும், அவர் வழி நடந்தவர்களின் வழிபாட்டு இடங்களான நிழல் தாங்கல்கள் ஊருக்கு ஊர் பரவியதும் இதே தாகத்தினால்தான். அடிமைப்பட்டவன் தலைப்பாகை கட்டிக்கொண்டு நிற்க ஓரிடம் தேடியதை யார் குறை சொல்ல முடியும்? கட்டாய வேலைக்குப் பெயராக இருந்த ஊழியம் என்ற சொல்லை, மனமுவந்து செய்கிற வேலைக்கு நம் சபைகள் வைத்துக்கொண்டதை நினைத்தால் எனக்குச் சில சமயம் தொண்டை அடைக்கும்.

எங்கள் சபைக்குத் திரும்புகிறேன். முற்றத்தில் கூட்டம் கொள்ளாமல் போனபோது பாட்டியின் மகன் எட்டு சென்ட் எழுதிக் கொடுத்தார். கிளைச் சபை தொடங்க தாய்ச்சபைக் கமிட்டி அனுமதி கொடுக்க வேண்டும். அந்தக் கமிட்டிக் கூட்டம் இரவு பதினொரு மணி வரை நடந்தது என்று அப்பா சொல்லுவார். எதிர்த்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அக்கரைக்காரர்கள் போனால் பாடகர் குழுவில் பாதி போய்விடும், மாதச் சந்தாவில் கணிசமான பங்கு போய்விடும். கணக்கரே அக்கரைக்காரர். பெற்ற பிள்ளையைத் தனிக்குடித்தனம் வைக்கிற வீட்டில் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. கடைசியில், சில சபைகள் சேர்ந்த சேகரத்துக்குப் பொறுப்பான ஆயர் எழுந்து, "போகிறவங்களுக்கு நாம ஒண்ணும் கொடுக்காம அனுப்பக்கூடாது" என்றாராம். ஆறு பெஞ்சு, ஒரு ஆர்மோனியம், அதோடு ஒரு வருடத்துக்கு, சபையைக் கவனிக்கும் உபதேசியாரின் சம்பளம். ஒரு சபை வளர்ந்ததா என்று கேட்டால் நான் வருகைப் பதிவைப் பார்க்க மாட்டேன். எத்தனை நல்ல ஆட்களை வெளியே அனுப்பியது என்றுதான் பார்ப்பேன். அனுப்ப மனமில்லாத சபை ஆயிரம் பேரோடு இருந்தாலும் எனக்கு அது வளர்ந்த சபையாகத் தெரியவில்லை.

முதல் அறுப்பின் பண்டிகை ஏலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஓலைக் கொட்டகைக்கு முன்னால் தேங்காய், மரச்சீனி, ஒரு சேவல், ஓர் ஏத்தங்குலை. ஒரு பால்வெட்டுக்காரர் ஒட்டுப்பாலை, அதாவது காய்ந்த ரப்பர் பாலை, சாக்கில் கட்டிக் கொண்டுவந்து வைத்தார், நாற்றம் தாங்கவில்லை. அவரிடம் நிலம் இல்லை, அவருக்கு அறுப்பு அதுதான். ஏத்தங்குலையை எடுத்தவர் விலையைக் கொடுத்துவிட்டு மறுபடியும் ஏலத்துக்கே வைத்தார். மூன்று தடவை அது கைமாறியது. ஒட்டுப்பால் சாக்கை எடுத்தவர் தாய்ச்சபையிலிருந்து வந்த, இரவு பதினொரு மணி வரை எதிர்த்துப் பேசிய அதே பெரியவர்.

அம்மா மட்டும் மனசுக்குள் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் கல்லறைத் தோட்டம். அம்மாவைப் பெற்றவர்களும், பிறந்து நாலு நாளில் போன என் அக்காவும் தாய்ச்சபைக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். "பாட்டெல்லாம் இங்கயும் படிக்கலாம். செத்தா எங்க கொண்டு வைப்பிய?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பாவிடம் பதில் இல்லை. சபை தொடங்குவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாட்டு, பிரசங்கம், கட்டடம் என்று பேசுவார்கள். ஆனால் எங்கள் மாவட்டத்தில் ஒருவர் எந்தச் சபை என்பது அவரை எங்கே அடக்கம் செய்வார்கள் என்பதில்தான் முடியும். திருமுழுக்கு, திருமணம், அடக்கம் என்று மூன்று பதிவேடும் வந்தால்தான் சபை காலூன்றியது என்று அர்த்தம்.

எங்கள் முதல் அடக்கம் மேட்டு வீட்டுப் பாட்டியுடையதுதான். அப்போது எங்களுக்குத் தனிக் கல்லறைத் தோட்டம் இல்லை. தாய்ச்சபைக்காரர்கள் குழியை வெட்டி வைத்துவிட்டு, பாலத்துக்கு இந்தப்பக்கம் வரை எதிர்கொண்டு வந்து நின்றார்கள். பாட்டியால் நடக்க முடியாத அந்தப் பாதையில் அவரைத் தூக்கிக்கொண்டு போனோம். சானல் கரையில் வைத்து எங்கள் ஆட்களின் தோளிலிருந்து அவர்கள் தோளுக்கு மாற்றிக்கொண்டார்கள். அன்றைக்கு அம்மாவின் மனது மாறிவிட்டது.

எல்லாச் சபையும் இப்படிப் பிறப்பதில்லை என்பது குமரி மாவட்டத்தில் யாருக்கும் தெரியாததல்ல. கமிட்டித் தேர்தலில் தோற்றவர்கள் மறுமாதம் ஒரு வாடகைக் கட்டடத்தில் ஆராதனை தொடங்குவதை நான் கண்டிருக்கிறேன். எங்கள் சபையிலிருந்தே ஒரு தடவை ஏழு குடும்பம் அப்படிப் போனது. காரணம் ஒலிபெருக்கி வாங்கியதில் வந்த வாக்குவாதம். போன இடத்தில் அவர்கள் வளர்ந்தார்கள், எண்ணிக்கை கூடியது. அந்தக் கூடுதல் முழுவதும் சுற்றுவட்டாரத்துச் சபைகளில் குறைந்த எண்ணிக்கைதான். 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் 18.7 லட்சம் பேரில் ஏறத்தாழ 47 சதவீதம் கிறிஸ்தவர்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு புதுச்சபை நிரம்பிவிட்டது என்றால், யார் வந்து நிரம்பினார்கள் என்று கேட்காமல் சந்தோஷப்பட முடியாது. ஒரு பானையிலிருந்து இன்னொரு பானைக்கு ஊற்றினால் தண்ணீர் கூடிவிடாது.

இப்போது எனக்குச் சொல்லக் கஷ்டமான இடம். பாட்டி வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், இறக்கமும் ஏற்றமும் இல்லாமல், ஏற்கெனவே ஒரு சபை இருந்தது. அதே பேராயம், அதே சேகரம், அதே ஆயர். வேறு சமுதாயத்து மக்களின் சபை. பாட்டியை ஒரு நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போயிருக்கலாம். அந்தப் பதினோரு வீடும் அங்கே போயிருந்தால் அந்தச் சிறிய சபையும் பலப்பட்டிருக்கும். ஒருவர்கூட அதை யோசிக்கவில்லை. என் அப்பா நல்லவர், ஜெபிக்கிறவர், அவரும் யோசிக்கவில்லை. நான் முப்பது வயது தாண்டித்தான் யோசித்தேன். டொனால்ட் மெக்காவ்ரன் என்று இந்தியாவிலேயே பிறந்து, மத்திய இந்தியாவில் நெடுங்காலம் வேலை செய்த அமெரிக்க மிஷனரி ஒருவர் இருந்தார். சாதி எல்லையைத் தாண்டச் சொல்லாமல், சொந்தபந்தங்களோடு கூட்டமாக வரவிட்டால்தான் சபை வேகமாக வளரும் என்று அவர் சொன்னார். வேகமாக வளரும் என்பது உண்மைதான். எங்கள் மாவட்டமே அதற்குச் சாட்சி. ஆனால் அப்படி வளர்ந்தது இருநூறு வருடம் கழித்தும் பத்து நிமிடத் தூரத்தைக் கடக்க முடியாமல் நிற்கிறது என்பதும் எங்கள் மாவட்டம் சொல்லும் சாட்சிதான். பாட்டிக்கு மூட்டுவலி. எங்களுக்கு என்ன வலி?

அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர்கள். 1982-ல் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிய மண்டைக்காட்டுக் கலவரத்தைக் கண்ட மாவட்டம் இது. வழிபாட்டுக்கென்று கட்டடம் எழுப்ப ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும், அந்தக் கோப்பு எளிதில் நகராது. ஓட்டுக் கூரையை 2004-ல் கான்கிரீட் ஆக்கியபோது எங்களுக்குச் சிரமம் குறைவாக இருந்ததற்கு ஒரே காரணம், பக்கத்து இந்துக் குடும்பத்துப் பெரியவர் எங்களோடு சேர்ந்து அலுவலகப் படி ஏறியது. அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு எங்கள் பெஞ்சுகள்தான் போகும். அவருக்கு மாரடைப்பு வந்த இரவில் எங்கள் உபதேசியார்தான் ஆட்டோ பிடித்தார். ஒலிபெருக்கியைப் பக்கத்து வீட்டுச் சன்னலை நோக்கிக் கட்டிவிட்டு "எதிர்ப்பு வருகிறது" என்று ஜெபிக்கிற சபைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். மணியை உள்பக்கம் கட்டினாலும் சத்தம் கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்கும்.

போன வருடம் மலையோரத்தில் புதிதாக இருபது வீடுகள் வந்தன. பெரும்பாலும் தோட்டத் தொழிலாளிகள், இரண்டு சமுதாயத்துக்காரர்களும் கலந்து. பஸ் கிடையாது. அங்கே ஒரு அக்கா, பால்வெட்டுக்காரி, கணவரைப் பக்கவாதம் படுக்கையில் போட்டுவிட்டதால் ஞாயிற்றுக்கிழமை எங்கும் போக முடியாமல் இருந்தார். செய்தியை எங்களுக்குச் சொன்னதே அந்தப் பத்து நிமிடத் தூரத்துச் சபையின் செயலர்தான். இரண்டு சபையின் கமிட்டியும் முதல் தடவையாக ஒரே மேசையில் உட்கார்ந்தது. புதன்கிழமை எங்கள் முறை, சனிக்கிழமை அவர்கள் முறை என்று யாரோ சொன்னார்கள். என் மகள்தான் எழுந்து, "ரெண்டு நாளும் ரெண்டு பேரும் போவோமே" என்றாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அந்தச் சபையின் பெண்கள் ஐக்கியத் தலைவி, பிடியரிசிப் பணத்தை எந்த நோட்டில் எழுதுவது என்று கேட்டார். புது நோட்டு வாங்குவது என்று முடிவானது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு. இரண்டு முழங்காலும் வீங்கியிருக்கிறது, இனி அவரை வண்டியில்தான் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளைக்க முற்றம் சிமெண்டா, மண்ணா?" என்றார். மண் என்றேன். "அப்போ ஆறு பாயாவது வேணும் கேட்டியா. பரணுல ரெண்டு கெடக்கு, எடுத்து வெயில்ல போடு."